தனக்கே பிடிக்காத இரவு: ஈவா கேஸிடியின் 'நைட்பேர்ட்' வெளிவந்தது சரியா?

இரவுப்பறவை | சனி, இரவு 11.20

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கப் பாடகி ஈவா கேஸிடியைப் பற்றி இந்தக் களத்தில் அங்கங்கே ஒற்றை வரியில் பேசியிருக்கிறோம், தனி இழை இருந்ததில்லை. நேற்று ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு 'நைட்பேர்ட்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்காமல் கேட்டேன். கேட்டு முடித்ததிலிருந்து ஒரு கேள்வி மனதைக் குடைகிறது. அதை இங்கே வைக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஈவா 1963 பிப்ரவரி 2இல் வாஷிங்டனில் பிறந்தவர். பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் வளர்ந்தவர். பகலில் ஒரு செடி நர்சரியில் நாற்றுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நன்றாக ஓவியம் வரைவார். இரவில் பாட்டு. ஜாஸ், ப்ளூஸ், நாட்டுப்புறப் பாடல், தேவாலயப் பாடல் என்று எது பிடித்ததோ அதையெல்லாம் பாடினார்.

1996 ஜனவரி 2, 3 ஆகிய இரண்டு இரவுகள் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் 'ப்ளூஸ் ஆலி' என்ற இடத்தில் அவருக்குக் கச்சேரி. பேருக்கு ஏற்றபடி அது ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய செங்கல் கட்டடம். நூற்றுச் சொச்சம் பேர் மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற அளவுதான். ஆனால் 1965 முதல் ஜாஸுக்குப் பேர்போன மேடை. இரண்டு இரவையும் பதிவு செய்து ஒரு நேரடி ஆல்பம் போடுவது என்பது திட்டம். முதல் நாள் பதிவு தொழில்நுட்பக் கோளாறால் வீணாகப் போனது. எல்லாப் பாரமும் இரண்டாம் நாள் மேல் விழுந்தது. அன்றைக்கு ஈவாவுக்கு ஜலதோஷம்.

பதிவைக் கேட்டபோது அவருக்குத் தன் குரல் பிடிக்கவில்லை. வெளியிடவே தயங்கினார். மாற்றுப் பதிவு எதுவும் கையில் இல்லாததால் கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: ஸ்டூடியோவில் பாடி வைத்திருந்த 'ஓ, ஹேட் ஐ எ கோல்டன் த்ரெட்' பாட்டையும் சேர்க்க வேண்டும். அப்படித்தான் 1996 மே மாதம் 'லைவ் அட் ப்ளூஸ் ஆலி' வந்தது. அந்த இரவின் 12 பாட்டு, அதோடு அவர் கேட்ட ஒன்று. அதே வருஷம் நவம்பர் 2ஆம் தேதி மெலனோமா என்கிற தோல் புற்றுநோயால் இறந்துபோனார். அந்தக் கச்சேரி இரவுக்கும் சாவுக்கும் இடையே ஏறக்குறையப் பத்து மாதம். வயது 33.

2015இல் அதே இரவின் முழுப் பதிவையும் 'நைட்பேர்ட்' என்று வெளியிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டு.

என் கேள்வி இதுதான். 12 பாட்டை வெளியிடவே தயங்கியவருடைய முழு இரவையும், அவர் இல்லாத நேரத்தில் கொடுத்தது நியாயமா? நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஜலதோஷத்தையும் தயக்கத்தையும் மறைக்காமல் அப்படியே கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம். ஆனால் முழு நிம்மதியோடு இதைச் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

நீலக்குறிப்பு | சனி, இரவு 11.58

நல்ல இழை. ஆனால் உங்கள் முடிவோடு ஒத்துப்போக முடியவில்லை.

அவர் போட்ட நிபந்தனையைப் பாருங்கள். "சரி, ஏதோ போடுங்கள்" என்று விட்டுவிட்டுப் போகவில்லை. இந்தப் பாட்டும் சேர்ந்தால்தான் சம்மதம் என்றார். தன் பேரில் என்ன வெளியே போகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை. அந்த 13 பாட்டுக்குத்தான் அவர் சம்மதம் தந்தார். மீதிக்கு யாரும் அவரிடம் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது. நாம் ரசிகர்கள், கிடைத்ததையெல்லாம் கேட்போம். அது நம் ஆசை. அந்த ஆசையைப் பாடகியின் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உயிரோடு இருந்தபோது அவர் பேர் போட்டு வந்தவை இரண்டே ஆல்பம். ஒன்று வாஷிங்டன் பாடகர் சக் பிரவுனோடு சேர்ந்து பாடிய 'தி அதர் சைட்', 1992. இன்னொன்று இந்த ப்ளூஸ் ஆலி. இறந்த பிறகு வந்தவை பத்துக்கும் மேல். இந்தக் கணக்கே எனக்கு வலிக்கிறது.

வெம்பிளி வாசி | ஞாயிறு, அதிகாலை 3.14

லண்டனில் இப்போதுதான் இரவு பத்தே முக்கால். இந்தப் பேரைக் கண்டதும் படுக்கப் போனவன் திரும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டேன்.

நான் 1999இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தவன். வந்த புதிதில் காலமை ஐந்து மணிக்கு எழும்பி ஒரு வெதுப்பகத்தில் வேலை. அங்கே வானொலி எப்போதும் பிபிசி ரேடியோ 2தான். டெரி வோகனுடைய காலை நிகழ்ச்சி. அவருடைய தயாரிப்பாளர் போல் வோல்ட்டர்ஸ்தான் ஈவாவின் 'ஓவர் த ரெயின்போ'வை அந்த நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்தவர். முதல் தரம் அது போனபோது நான் மாவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஆங்கிலம் எனக்கு அப்போது அரைகுறை. சொல் விளங்கவில்லை, ஆனால் தட்டை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை. என் மேற்பார்வையாளர், ஜமேக்காப் பெண்மணி, அவவும் ஒன்றும் கதைக்காமல் நின்றா. பாட்டு முடிந்த பிறகு வோகன், பாடியவர் இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னார்.

பிறகு பிபிசி தொலைக்காட்சியில் 'டொப் ஒஃப் த பொப்ஸ் 2' நிகழ்ச்சியில் அந்தப் பாட்டின் காட்சியைப் போட்டார்கள். ப்ளூஸ் ஆலியில் ஒருவர் கைக் கமெராவில் எடுத்தது. பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை, கிற்றாரோடு ஒரு பெண், அவ்வளவுதான். சனம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. 1998இல் வந்த 'சோங்பேர்ட்' ஆல்பம் 2001 மார்ச்சில் பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது. செத்து நாலு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு 'இமாஜின்', 'அமெரிக்கன் ட்யூன்' இரண்டும் முதலிடம்.

நீலக்குறிப்பு தம்பி, நீங்கள் சொல்லும் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சம்மதம் இல்லாதது எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தால் அந்த வெதுப்பகத்தில் நான் எதைக் கேட்டிருப்பேன்? இன்னொன்று, தடிமனோடு பாடியது என்று இப்போதுதான் அறிகிறேன். இத்தனை வருஷமாக நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

கோடம்பாக்கம் மைக் | ஞாயிறு, காலை 8.05

இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகிறேன். ஒலிப்பதிவில் 20 வருஷமாக இருக்கிறேன்.

ஸ்டூடியோவில் பாடகி தனியறையில் ஹெட்போன் போட்டுப் பாடுவார். ஒரு சொல் சறுக்கினால் அந்தச் சொல்லை மட்டும் பஞ்ச் பண்ணி எடுத்துவிடலாம். கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. நேரடிக் கச்சேரியில் அதற்கு வழியில்லை. ப்ளூஸ் ஆலி மாதிரி சின்ன மேடையில் பாடகிக்குப் பின்னால் சில அடி தூரத்தில் டிரம்ஸ். பக்கத்தில் பியானோ. பாடகியின் மைக்கில் அவர் குரலோடு சேர்ந்து டிரம்ஸின் சிம்பலும் வழிந்து வந்துவிடும். இதை நாங்கள் 'பிளீட்' என்போம். பிறகு அந்தக் குரல் டிராக்கில் ஒரு வரியை வெட்டி எடுத்துப் புதிதாகப் பாடி ஒட்டினால், அந்த ஒரு வரியில் மட்டும் சிம்பல் சத்தம் காணாமல் போகும். காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் நேரடிப் பதிவில் பெரும்பாலும் பாடியதுதான் பாட்டு.

இன்னொன்று, குரலின் சுருதியைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ டியூன் சந்தைக்கு வந்ததே 1997இல். ஈவா பாடியது 1996 ஜனவரி. அந்தப் பதிவில் அவர் சுருதி சுத்தமாக நிற்கிறது என்றால் அது முழுக்க அவருடைய தொண்டையும் காதும்தான்.

ஜலதோஷம் வந்தால் குரல்நாண் கொஞ்சம் வீங்கும். மேல் ஸ்தாயியை மெதுவாகத் தொடுவதுதான் அப்போது ரொம்பக் கஷ்டம். கத்திப் பாடினால் எப்படியோ போய்விடும், மெல்லிசாகப் பாடும்போது குரல் காற்றாகக் கரைந்துவிடும். கீழ் ஸ்தாயியோ வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்கும். 'ஸ்டார்மி மண்டே', 'ஃபைன் அண்ட் மெல்லோ' இரண்டையும் இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதலாவது டி-போன் வாக்கருடைய பழைய ப்ளூஸ், இரண்டாவது பில்லி ஹாலிடே பாடியது. எந்த ஜலதோஷத்துக்காக அவர் வருத்தப்பட்டாரோ அது அந்த இரண்டு பாட்டுக்கும் ஒரு கனத்தையும் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாடகிக்கு உள்ளே கேட்பது வேறு, வெளியே நமக்குக் கேட்பது வேறு. அன்றைக்குத் தொண்டையில் எங்கே முள் குத்தியது என்பது அவருக்கு மட்டும் தெரியும். பதிவைக் கேட்கும்போது அந்த முள்தான் முதலில் ஞாபகம் வரும். என் முன்னால் உட்கார்ந்து கேட்ட எத்தனையோ பாடகர்களின் முகத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்.

புதுவை கிட்டார் | ஞாயிறு, காலை 9.40

அவருடைய கிட்டாரைப் பற்றி யாருமே பேசவில்லையே!

நான் கிட்டார் சொல்லித்தருபவன். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் கோல்ட்' பாட்டை ஸ்டிங் 1993இல் பாடினார், நல்ல பாட்டு. ஈவா அதை எடுத்து வேகத்தைக் குறைத்து, தன் கிட்டாரின் விரல்மீட்டலை மட்டும் நம்பிப் பாடினார். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். குரல் நீளும் இடத்தில் விரல் ஓடும், விரல் நிற்கும் இடத்தில் குரல் வரும். பாடியவரும் வாசித்தவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இப்படிச் சேரும். மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் முதலில் எல்லோரும் வேகமாக வாசிக்கிறார்கள். "பாதி வேகத்தில் வாசி" என்றால் கை நடுங்குகிறது. மெதுவாக வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் தெரியும்.

'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டை ஜாஸ்காரர்கள் பலரும் நல்ல நடையில் துள்ளித்தான் வாசிப்பார்கள். ஈவா அதை ஒரு துயரப் பாட்டாகவே ஆக்கிவிட்டார். லென்னி வில்லியம்ஸின் பியானோவும் அவசரப்படாது. மீதிப் பேரையும் சொல்லிவிடுகிறேன், இவர்களை யாரும் நினைப்பதில்லை: கிட்டாரில் கீத் கிரைம்ஸ், டிரம்ஸில் ரைஸ் மெக்லியோட், பேஸில் கிறிஸ் பியாண்டோ. இந்தக் கிறிஸ்தான் தன் ஸ்டூடியோவில் ஈவாவைப் பல வருஷம் பாடவைத்துப் பதிவு செய்தவர். அவர் இல்லையென்றால் பிறகு வந்த ஆல்பங்களுக்குச் சரக்கே கிடையாது.

சக் பிரவுன் அறிமுகமானதும் அவர் மூலமாகத்தான். சக் பிரவுன் வாஷிங்டனின் 'கோ-கோ' இசைக்குத் தந்தை மாதிரி. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரைகூடத் தாளம் நிற்காத ஆட்ட இசை அது. அவருக்கு ஜாஸும் ப்ளூஸும் பாட ஆசை. கிறிஸ் ஈவாவின் பதிவைப் போட்டுக் காட்டியபோது, பாடுவது ஒரு கறுப்பினப் பெண் என்றே நினைத்தாராம். கூச்ச சுபாவம் உள்ள, பொன்னிறத் தலைமுடிப் பெண் வந்து நின்றதும் ஆச்சரியப்பட்டுப்போனார். இரண்டு பேரும் சேர்ந்து பாடிய 'தி அதர் சைட்'டில்தான் 'ஓவர் த ரெயின்போ' இருக்கிறது.

அவர் உயிரோடு இருந்தபோது பெரிய கம்பெனி ஒப்பந்தம் அமையவில்லை. ஜாஸ் பாடு, இல்லை பாப் பாடு, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்பார்கள். அவர் மாட்டேன் என்றார். 1994இல் 'பீசஸ் ஆஃப் எ ட்ரீம்' என்ற குழுவோடு பாடிப் பார்த்தார், ஒட்டவில்லை. திரும்பி வந்துவிட்டார். ஒரே இரவில் இர்விங் பெர்லினின் 'சீக் டு சீக்', அல் கிரீனின் 'டேக் மி டு த ரிவர்', பஃபி செயின்ட் மேரியின் 'டால் ட்ரீஸ் இன் ஜார்ஜியா' மூன்றையும் பாடுகிற ஆளை எந்த வகையில் சேர்ப்பது? ப்ளூஸ் ஆலியில் மட்டும் அப்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. அதனால் அந்த இரவு முழுசாகக் கிடைத்ததை நான் கொண்டாடத்தான் செய்வேன்.

கருங்குயில் | ஞாயிறு, மதியம் 1.22

நான் இந்தப் பாடகியை இதுவரை கேட்டதே இல்லை. ஜாஸ் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம், புரியாதோ என்று. எதில் ஆரம்பிக்கலாம்? 'நைட்பேர்ட்'டிலேயே ஆரம்பித்தால் அதிகமாகிவிடுமா?

இரவுப்பறவை | ஞாயிறு, மதியம் 2.10

கருங்குயில், வாருங்கள். பயப்பட எதுவும் இல்லை.

பலரும் 'சாங்பேர்ட்'டில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். பத்தே பாட்டு, அவருடைய மூன்று ஆல்பத்திலிருந்து பொறுக்கியது. கிரேஸ் கிரிஃபித் என்ற நாட்டுப்புறப் பாடகி ஈவாவின் பதிவை பிளிக்ஸ் ஸ்ட்ரீட் என்கிற சின்னக் கம்பெனி நடத்தும் பில் ஸ்ட்ராவிடம் சேர்ப்பித்தார். அவர் ஈவாவின் பெற்றோர் ஹ்யூ, பார்பரா இருவரிடமும் பேசி இதை வெளியிட்டார். குறை சொல்ல முடியாத தொகுப்பு. ஆனால் அதில் நாட்டுப்புறப் பாட்டும் தேவாலயச் சாயலும்தான் மேலோங்கி நிற்கும். ஜாஸும் ப்ளூஸும் பாடும் ஈவாவை அதில் முழுசாகப் பார்க்க முடியாது. அதை மட்டும் கேட்டவர்கள், இவர் மெல்லிய சோகப் பாட்டு பாடுபவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் 'லைவ் அட் ப்ளூஸ் ஆலி'யில் ஆரம்பியுங்கள். முதல் பாட்டே 'சீக் டு சீக்', காலால் தாளம் போடவைக்கும். அடுத்தது 'ஸ்டார்மி மண்டே', ஒரேயடியாக இறங்கிவிடும். அதற்கடுத்து 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபுள்ட் வாட்டர்'. இந்த மூன்றையும் கேட்ட பிறகு நிறுத்த மனம் வராது. அப்புறம் 'நைட்பேர்ட்'.

நீலக்குறிப்பு | ஞாயிறு, மாலை 5.33

கோடம்பாக்கம் மைக் சார் சொன்னதை மதியம் முழுக்க யோசித்தேன். 'நைட்பேர்ட்' விஷயத்தில் என் கோபம் கொஞ்சம் தணிந்தது உண்மை. அங்கே அவர் பாடியதில் யாரும் கை வைக்கவில்லை.

ஆனால் 2023இல் வந்த 'ஐ கேன் ஒன்லி பி மி' ஆல்பத்தை என்ன சொல்வீர்கள்? அவர் இருந்திருந்தால் 60 வயது ஆகியிருக்கும் என்று, பழைய பதிவுகளிலிருந்து குரலை மட்டும் பிரித்து எடுத்து, லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை அதைச் சுற்றி வாசிக்கவைத்தார்கள். எனக்கு 'டால் ட்ரீஸ் இன் ஜார்ஜியா'வை வயலின் கூட்டத்துக்கு நடுவே கேட்கவே முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக நின்றுவிட்ட ஒருத்தி தன் கதையைச் சொல்லும் பாட்டு அது. அந்தப் பெண்ணைச் சுற்றி இத்தனை பேரை நிறுத்தினால் அவள் தனிமை எங்கே போகும்?

நம் ஊரிலும் இந்தக் கேள்வி வந்ததே. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் கணினி மூலம் உருவாக்கி ஏ.ஆர்.ரஹ்மான் 2024இல் ஒரு படப் பாட்டில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அப்போதும் இந்தக் களத்தில் நான் இதையேதான் எழுதினேன்: குடும்பம் தரும் அனுமதியும் பாடகர் தரும் அனுமதியும் ஒன்றாகிவிடுமா?

கோடம்பாக்கம் மைக் | ஞாயிறு, மாலை 6.15

நீலக்குறிப்பு, இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அங்கே பாடகர்கள் பாடாத ஒரு பாட்டை அவர்கள் குரலின் மாதிரியை வைத்து உண்டாக்கினார்கள். ஈவாவின் 2023 ஆல்பத்தில் ஒவ்வொரு எழுத்தையும் அவரே பாடியிருக்கிறார். கணினி செய்த வேலை பிரித்தெடுப்பது மட்டும்தான். காலையில் பிளீட் என்றேனே, குரல் மைக்கில் வழியும் மற்ற சத்தம், அதைக் குரல் எது, கருவி எது என்று கணினிக்குப் பழக்கி இப்போது தனியாகக் கழற்ற முடிகிறது. பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்கு ஒரே டிராக்கில் கலந்து கிடந்த பேச்சையும் கிட்டாரையும் பிரித்தது இந்த வகை நுட்பம்தான்.

நுட்பத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் வேறு இடத்தில். பாடகி தன்னோடு வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார். பியானோ ஒரு நொடி தாமதித்தால் அவரும் தாமதிக்கிறார். அந்தப் பியானோவைக் கழற்றிவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்தால், ஆர்க்கெஸ்ட்ரா அவரைக் கேட்கிறது, அவர் அவர்களைக் கேட்கவில்லை. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் ஒரு பக்கப் பேச்சு. அந்த வகையில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

தாழம்பூ | ஞாயிறு, இரவு 8.47

இந்தப் பாடகியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அக்கா திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினாள். ஒரு கோயில் திருவிழாவில் மூன்று நாள் தொடர்ந்து கச்சேரி. மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. மாமா ஒருவர் அதை டேப்பில் பிடித்திருந்தார். கேட்டதும் அக்கா அழுதுவிட்டாள். "இதை அழிச்சிடுங்க மாமா, இது நான் இல்லை" என்றாள். அம்மா அந்தக் கேசட்டை வாங்கிப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அழித்துவிட்டதாக அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் பாடிய நல்ல பதிவுகளில் பாட்டு மட்டும் இருக்கும். சுத்தமாக, சுருதியாக. இந்தக் கேசட்டில் இரண்டாவது பாட்டுக்கு முன்னால் அவள் தொண்டையைச் செருமிவிட்டு, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக் கீபோர்டுக்காரரிடம், "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்குங்க" என்று சொல்வாள். ரொம்ப மெதுவாகக் கேட்கும். நாங்கள் அந்தக் கேசட்டை எடுப்பதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

ஆனால் போடும் ஒவ்வொரு தடவையும் அம்மா முதலில் அக்கா படத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கோடி" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார்.

வெம்பிளி வாசி | ஞாயிறு, இரவு 9.30

தங்கச்சி, இதை வாசித்துவிட்டு வேறொன்றும் எழுத வரவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

நீலக்குறிப்பு | ஞாயிறு, இரவு 10.04

தாழம்பூ அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் அம்மா அந்தக் கேசட்டை வீட்டுக்குள் வைத்திருக்கிறார். கடையில் வைக்கவில்லை. வீட்டார் கேட்பதற்கும் விலைக்கு வருவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கேட்கிறாரே, அது எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. 'நைட்பேர்ட்' வேண்டாம் என்று நான் சொன்னது சரியில்லை. அவர் தயங்கினார் என்பது தெரியாமல் ஒருவர் அதைக் கேட்டால்தான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் கதை தெரிந்து கேட்கட்டும்.

2023 ஆல்பம் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

இரவுப்பறவை | ஞாயிறு, இரவு 11.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று நான் நிம்மதி இல்லாமல் எழுதியதற்கு என்ன காரணம் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

ஈவாவுக்கு 1993இல் முதுகில் ஒரு மச்சம் புற்றாக மாறி, அதை அகற்றினார்கள். 1996 கோடையில் பள்ளிச் சுவர்களில் ஓவியம் வரையும் வேலையில் இருந்தபோது இடுப்பு வலித்தது. ஏணியில் ஏறி இறங்குவதால் என்று நினைத்திருக்கிறார். படம் எடுத்துப் பார்த்தபோது எலும்புவரை நோய் பரவியிருந்தது. செப்டம்பரில் ஜார்ஜ்டவுனிலேயே 'தி பேயூ' என்ற இடத்தில் நண்பர்கள் அவருக்காக ஒரு கச்சேரி வைத்தார்கள். நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்து 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாடினார். அவர் மேடையில் பாடியது அதுதான் கடைசி.

ப்ளூஸ் ஆலி ஆல்பத்திலும் அந்த இரவின் பாட்டுகளில் கடைசியாக வருவது இதே பாட்டுதான். ஜனவரியில் தொண்டை சரியில்லையே என்ற கவலையோடு பாடியது. எட்டு மாதம் கழித்து அதே பாட்டைப் பாடும்போது ஜனவரியின் ஜலதோஷம் அவருக்கு எவ்வளவு சின்னதாகத் தெரிந்திருக்கும் என்று நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் போட்ட நிபந்தனைப் பாட்டை 'நைட்பேர்ட்'டிலும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கருங்குயில், கேட்டீர்களா?

கருங்குயில் | திங்கள், காலை 6.50

கேட்டேன். நீங்கள் சொன்ன மூன்றோடு நிறுத்தலாம் என்று உட்கார்ந்து 13ஐயும் முடித்துவிட்டேன். 'டால் ட்ரீஸ் இன் ஜார்ஜியா' வரும்போது சமையலறையில் பால் பொங்கி வழிந்துவிட்டது, எழுந்து போகவில்லை. நீலக்குறிப்பு சொன்ன தனிமை என்ன என்று எனக்கும் புரிந்தது.

கடைசிப் பாட்டில் அரங்கத்தின் சத்தம் இல்லாமல் திடீரென்று அமைதியாகிறதே, அதுதான் அவர் கேட்டு வாங்கிச் சேர்த்ததா? இன்று ராத்திரி 'நைட்பேர்ட்'. ஆரம்பிக்கும்போது இங்கே சொல்கிறேன், யாராவது சேர்ந்து கேட்பதாக இருந்தால் ஒன்பது மணிக்கு வாருங்கள்.

தாழம்பூ | திங்கள், காலை 7.12

நான் வருகிறேன். அம்மாவையும் உட்காரவைக்கிறேன்.